லெகோ கட்டடத்துக்கு விளக்குப் பொருத்துதல்: ஒயர் கண்ணில் படாமல், மாடிகள் முன்போலவே பிரியும்படி

விளக்கை எரியவைப்பது எளிது. அதற்குப் போகும் ஒயரை மறைப்பதிலும், கட்டடத்தின் மாடிகளை முன்போலவே கழற்றி மாட்டும்படி வைத்திருப்பதிலும்தான் உண்மையான வேலை இருக்கிறது. புதிதாக இறங்குகிறவர்கள் தடுமாறுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் ஒரே காரணம்தான்: முதலில் விளக்கை ஒட்டிவிடுகிறார்கள், ஒயரை எப்படி வெளியே கொண்டுவருவது என்று அப்புறம் யோசிக்கிறார்கள். இந்த வழிகாட்டி எதிர்த்திசையில் போகிறது. மின்சாரம் உள்ளே வரும் இடத்தில் தொடங்கி விளக்கில் முடிகிறது.

எடுத்துக்காட்டாக லெகோ நிறுவனம் 2023-ல் வெளியிட்ட 'ஜாஸ் கிளப்' கட்டடத்தை (எண் 10312, 2,899 துண்டுகள்) எடுத்துக்கொள்கிறேன். மேடை, பக்கத்திலேயே பீட்சா கடை, மாடியில் தையல் பட்டறை, கூரையில் கண்ணாடிப் பசுமைக்குடில் என்று விளக்குக்கு ஏங்கும் இடங்கள் அதில் நிறைய. அடுக்கடுக்காகப் பிரியும் எந்த லெகோ கட்டடத்துக்கும் இதே முறை பொருந்தும்.

சில சொற்கள்: கட்டையின் மேல் துருத்தி நிற்கும் வட்டத்தைக் குமிழ் என்கிறேன். கட்டையின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு உள்ள தட்டையான துண்டு, தகடு. குமிழே இல்லாமல் வழவழப்பாக இருப்பது டைல்.

1. கையில் இருக்க வேண்டியவை

உங்கள் கட்டடத்தின் எண்ணுக்கென்றே தயாரித்த விளக்குத் தொகுப்பை வாங்குங்கள். பொதுவான தொகுப்பில் ஒயர்களின் நீளம் பெரும்பாலும் பொருந்தாது. நீளம் குறைந்தால் மேற்கொண்டு ஒயர் வாங்க வேண்டும்; கூடினால் அதை ஒளித்துவைக்க இடம் தேட வேண்டும். தொகுப்பில் விளக்குகள் மட்டும்தான் இருக்கும், கட்டடத்தைத் தனியாக வாங்க வேண்டும். இதைக் கவனிக்காமல் வாங்கி ஏமாந்தவர்கள் உண்டு.

இவை போக, நுனி மழுங்கிய பிளாஸ்டிக் சாமணம், லெகோவின் ஆரஞ்சு நிறக் கட்டை கழற்றி, சிறிய டார்ச், பெயின்டர்கள் ஒட்டும் காகித டேப், கறுப்பு மார்க்கர் பேனா, விளிம்புள்ள வெள்ளைத் தட்டு ஆகியவை வேண்டும். இரும்புச் சாமணம் வேண்டாம். அதன் கூர்மை ஒயரின் மேலுறையைக் கிழித்துவிடும்; மின்சாரம் ஓடும்போது பட்டால் இரண்டு முனைகளையும் சேர்த்துவிடும். கனெக்டர்கள் அரிசி மணி அளவுதான் இருக்கும். வெள்ளைத் தட்டு இல்லாவிட்டால் அவற்றைத் தரையில்தான் தேட வேண்டிவரும்.

கட்டடத்தை முழுமையாகக் கட்டி முடித்திருக்க வேண்டும். பாதியில் விளக்கு வைத்தால், பின்னால் வரும் கட்டை எந்த ஒயர்மேல் உட்காரும் என்பது தெரியாது. வேலை தொடங்குமுன் உலர்ந்த தூரிகையால் தூசியைத் தட்டிவிடுங்கள். தூசி இருந்தால் ஒட்டும் பட்டை பிடிக்காது.

2. கட்டடத்தைத் தொடுமுன் எல்லாவற்றையும் எரியவைத்துப் பாருங்கள்

பெட்டியைப் பிரித்ததும் யுஎஸ்பி ஒயரில் ஜங்ஷன் பலகை ஒன்றை மாட்டி, ஒவ்வொரு விளக்கையும் தனித்தனியாக எரியவைத்துப் பாருங்கள். ஒரே ஒயரில் வரும் மின்சாரத்தைப் பலவாகப் பிரித்துக் கொடுக்கும் சிறு சதுரம்தான் ஜங்ஷன் பலகை. பழுதான விளக்கு இப்போதே தெரிந்தால் கடைக்காரரிடம் மாற்றிக்கொள்ளலாம். மாடியின் அடியில் பதித்த பிறகு தெரிந்தால் பாதிக் கட்டடத்தைப் பிரிக்க வேண்டும்.

கனெக்டரைச் செருகும் பாங்கையும் இப்போதே பழகிக்கொள்ளுங்கள். அதன் ஒரு பக்கம் மூடியிருக்கும். மறுபக்கத்தில் இரண்டு உலோகக் கோடுகள் தெரியும். பலகையின் துளைக்குள் இரண்டு மெல்லிய பின்கள் நிற்கும். எந்தப் பக்கம் எதைப் பார்க்க வேண்டும் என்பது தொகுப்பின் குறிப்பில் இருக்கும். சரியான பக்கமாக வைத்தால் நகத்தால் லேசாகத் தள்ளியதும் உள்ளே போய்விடும். போகவில்லை என்றால் திருப்பி வையுங்கள். அழுத்தித் திணித்தால் பின் வளையும். வளைந்த பின்னை நிமிர்த்தினால் பெரும்பாலும் ஒடிந்துவிடும். கழற்றும்போது ஒயரைப் பிடித்து இழுக்காமல், கனெக்டரின் தோளில் நகத்தைக் கொடுத்து நெம்புங்கள்.

இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் தொகுப்புகளைக் கலக்காதீர்கள். கனெக்டர் ஒன்றுக்குள் ஒன்று பொருந்தலாம். ஆனால் நேர்முனையும் எதிர்முனையும் இடம் மாறியிருக்கலாம். மின்னழுத்தமும் வேறாக இருக்கலாம்.

3. ஒயர் வெளியேறும் இடத்தை முடிவுசெய்யுங்கள்

வீடு கட்டும்போது சுவர் பூசுவதற்கு முன்பே குழாய் பதித்துவிடுகிறார் மின்பணியாளர். விளக்கை எங்கே மாட்டுவது என்பது பிறகு வரும் பேச்சு. இங்கும் அதே வரிசைதான்.

ஜாஸ் கிளப் போன்ற கட்டடங்களை ஒன்றன்பக்கத்தில் ஒன்றாக வைத்துத் தெருவாக்குவதுதான் வழக்கம். அதற்காகவே பக்கவாட்டில், அடித்தளத்தை ஒட்டி, இணைப்பு ஊசி செருகும் துளையுள்ள கட்டைகள் இருக்கின்றன. அடுத்த கட்டடம் வந்து சேர்ந்ததும் அந்தப் பக்கங்கள் அடைபட்டுவிடும். முன்பக்கம் காட்சிக்குரியது. ஆகவே ஒயர் வெளியேற மிஞ்சுவது பின்பக்கம் மட்டுமே. பின்சுவரில், தரைமட்டத்தில், ஒரு மூலைக்கு அருகில் இடம் பாருங்கள்.

அடித்தளப் பலகைக்கு அடியில் ஒயரை ஓட்டலாமே என்று பலருக்கும் தோன்றும். அந்தப் பலகை மிக மெல்லியது. கட்டடம் முழுவதும் ஒயர்மேல் உட்கார்ந்து ஒரு பக்கமாக ஆடும். ஒயர் பலகையின் மேலேதான் போக வேண்டும்.

பிறகு அதே பின்மூலையை எல்லா மாடிகளுக்கும் செங்குத்துப் பாதையாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மாடியின் ஒயர்களும் அந்த மூலைக்கு வர வேண்டும். அங்கே அவை ஒரு ஜங்ஷன் பலகையில் சேர்ந்து, ஒரே ஒரு ஒயர்தான் கீழே இறங்க வேண்டும். ஒவ்வொரு மாடியையும் மேலிருந்து படம் எடுத்து, அந்தப் படத்தின்மேல் பாதையை வரைந்துகொண்டால் பின்னால் குழப்பம் வராது.

4. ஒயர் எங்கே படுக்கலாம், எங்கே படுக்கக் கூடாது

இந்த வேலையின் உயிர் இந்தப் பகுதியில் இருக்கிறது. இதைப் புரிந்துகொண்டவர்கள் தொகுப்போடு வரும் குறிப்பு இல்லாமலேயே எந்தக் கட்டடத்துக்கும் விளக்கு வைத்துவிடுவார்கள்.

லெகோவில் ஒரு குமிழின் நடுவிலிருந்து அடுத்த குமிழின் நடுவுக்கு 8 மில்லிமீட்டர். குமிழின் விட்டம் 4.8 மில்லிமீட்டர். ஆகவே இரண்டு குமிழ்களுக்கு இடையில் 3.2 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு வாய்க்கால் ஓடுகிறது. தலைமுடியைவிடச் சற்றே தடித்த நம் ஒயர் அதில் தாராளமாகப் படுக்கும்.

மேலே வந்து உட்காரும் கட்டையின் உட்புறத்தையும் ஒரு முறை திருப்பிப் பாருங்கள். கட்டையின் சுவரும், நடுவில் இருக்கும் குழாயும் குமிழின் பக்கங்களை இறுக்கிப் பிடிக்கின்றன. கட்டைகள் ஒன்றோடொன்று நிற்பதே அந்தப் பிடியால்தான். ஒயர் அந்தப் பிடிக்குள், அதாவது குமிழின் பக்கத்துக்கும் கட்டையின் சுவருக்கும் இடையில் சிக்கினால், அழுத்தும் கணத்திலேயே மேலுறை அறுந்துவிடலாம். வாய்க்காலில் படுத்த ஒயருக்கு அந்த ஆபத்து இல்லை. கட்டைச் சுவரின் அடி விளிம்பும் குழாயின் அடி விளிம்பும் அதன்மேல் தட்டையாகத்தான் உட்காரும். ஒயர் நசுங்காது, கட்டை மட்டும் இம்மியளவு உயரலாம்.

அதனால் குமிழின் தலைக்கு மேலாக ஒயரை ஒருபோதும் நீளவாக்கில் ஓட்டாதீர்கள். திரும்ப வேண்டுமானால் குமிழைச் சுற்றிக்கொண்டு வாய்க்கால் வழியாகவே திருப்புங்கள்.

ஒரு வாய்க்காலில் ஒரு ஒயர், மிஞ்சினால் இரண்டு. நான்கு ஒயர்களைச் சேர்த்து ஒரே இடத்தில் வெளியே எடுத்தால் அந்தக் கட்டை மேலே எழும்பி நிற்கும். வெளிச்சத்தில் அந்த இடுக்கு கோடாகத் தெரியும். நான்கு ஒயர் என்றால் நான்கு வாய்க்கால்.

கட்டையை அழுத்தும்போது செங்குத்தாக, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் இறங்கும்படி அழுத்துங்கள். ஒரு பக்கத்தை மாட்டிவிட்டு மறுபக்கத்தைச் சாய்த்து இறக்கினால், அந்தச் சாய்வில் ஒயர் நகர்ந்து குமிழின் பக்கத்துக்குப் போய்விடும். அழுத்துமுன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்து ஒயர் வாய்க்காலிலேயே இருக்கிறதா என்று பாருங்கள். காகித டேப்பால் ஒயரின் இரண்டு முனைகளையும் தற்காலிகமாக ஒட்டிவைத்தால் நகராது. வேலை முடிந்ததும் டேப்பை உரித்துவிடலாம்.

5. தரைத்தளம்: பலகையை எங்கே வைப்பது

மேல் மாடிகளைக் கழற்றித் தனியாக வைத்துவிட்டு, தரைத்தளத்தின் பின்மூலையில் முதல் ஜங்ஷன் பலகையை வையுங்கள். கைக்கு எட்டும் இடமாக இருக்க வேண்டும். பலகையை மறைத்தே தீர வேண்டும் என்று சுவருக்குள் புதைப்பவர்கள், ஒரு கனெக்டர் நழுவினாலும் சுவரை இடிக்க வேண்டியிருக்கும். மேடைக்குப் பின்னாலும் பீட்சா அடுப்புக்குப் பின்னாலும் முன்பக்கத்திலிருந்து பார்வை எட்டாத மூலைகள் உண்டு. அங்கே பின்சுவரின் உட்பக்கத்தில் பலகையை ஒட்டுங்கள். வழவழப்பான சுவர்ப்பரப்பில் பலகையின் ஒட்டும் பட்டை நன்றாகப் பிடிக்கும்.

யுஎஸ்பி ஒயரை முன்பே குறித்துவைத்த இடம் வழியாக வெளியே எடுங்கள். உள்ளே ஒரு விரற்கடை அளவு தளர்வு வைத்து, சுவரோரம் ஒரு துண்டு டேப்பால் பிடித்துவிடுங்கள். யாராவது கால் தட்டி ஒயரை இழுத்தால் அந்த இழுப்பை டேப் தாங்க வேண்டும். கனெக்டர் தாங்கக் கூடாது.

பசை வேண்டவே வேண்டாம். உடனடியாக ஒட்டும் பசையின் ஆவி, கண்ணாடித் துண்டுகளின்மேல் வெள்ளைப் படலமாகப் படிந்துவிடும்.

6. மாடிக்கும் மாடிக்கும் இடையே

இந்தக் கட்டடங்களில் ஒவ்வொரு மாடியின் சுவர் உச்சியிலும் டைல்களே நிறைய இருக்கும். நடுநடுவே சில குமிழ்கள் மட்டும் மேல் மாடியைப் பிடித்துக்கொள்ளும். மாடி எளிதாகக் கழலுவதற்காகச் செய்த ஏற்பாடு அது. டைலின் மேலாக ஒயரைப் போட்டு மேல் மாடியை வைத்தால் இரண்டு தட்டையான பரப்புகளுக்கு நடுவே ஒயர் அகப்பட்டு மாடி ஆடும்.

தீர்வு எளிது. பின்மூலைக்கு அருகில் சுவர் உச்சியிலுள்ள ஒரு டைலை மட்டும் எடுத்துவிடுங்கள். டைலின் உயரமும் 3.2 மில்லிமீட்டர்தான், எடுத்த இடத்தில் சிறு வாசல் ஒன்று கிடைக்கும். அதில் இருக்கும் குமிழுக்குப் பக்கவாட்டில் ஒயரை விட்டுவிட்டால், மேல் மாடி வழக்கம்போல் சமமாக உட்காரும். பின்பக்கத்தில் ஒரு டைல் குறைவது யார் கண்ணிலும் படாது. எடுத்த டைலைக் குறிப்புப் புத்தகத்தோடு பத்திரப்படுத்துங்கள்.

அடுத்தது தளர்வு. மேல் மாடியைத் தூக்கி, கட்டடத்தின் பின்னால் மேசைமேல் மல்லாக்க வைக்கும் அளவுக்கு ஒயர் நீண்டிருக்க வேண்டும். அப்போதுதான் ஒரு கையால் மாடியைப் பிடித்துக்கொண்டு மறுகையால் கனெக்டரைத் தேடும் அவஸ்தை இருக்காது. தொகுப்பில் வரும் இணைப்பு ஒயர்களில் அந்த அளவுக்கு நீளமுள்ளதைத் தேர்ந்தெடுங்கள். மீதியை மேல் மாடிக்குள் மடித்து வையுங்கள், கீழ்மாடிக்குள் அல்ல. கீழே தொங்கும் மடிப்பு, மாடியை இறக்கும்போது சுவர் விளிம்பில் மாட்டி நசுங்கும்.

ஒவ்வொரு மாடியையும் முடித்த பிறகு எரியவைத்துப் பாருங்கள். மூன்று மாடியையும் முடித்துவிட்டுச் சோதித்தால், பழுது எங்கே என்று கண்டுபிடிக்கவே தனியாக உழைக்க வேண்டும்.

7. அறைக்குள் விளக்கு

அறையின் கூரையில், அதாவது மேல் மாடித் தகட்டின் அடிப்புறத்தில், பட்டை விளக்கை (சிறு எல்இடி விளக்குகள் பொருத்திய தட்டையான துண்டு) ஒட்டச் சொல்வார்கள். அந்த அடிப்புறத்தில் குழாய்களின் விளிம்புகள்தான் இருக்கின்றன. ஒட்டும் பட்டை தொடும் பரப்பு மிகக் குறைவு. வெயில் காலத்தில் அது கழன்று தொங்கும்.

என் கருத்தில் அதைவிட நல்ல இடம், முன்சுவரின் உட்பக்கத்தில் ஜன்னலுக்கு மேலே இருக்கும் வழவழப்பான கட்டைப் பரப்பு. இதில் இரண்டு நன்மைகள். பட்டை உறுதியாக ஒட்டும். தெருப்பக்கத்திலிருந்து பார்க்கிறவருக்கு எல்இடியின் கண்ணைக் குத்தும் புள்ளி தெரியாது. பின்சுவரும் மேசையும் ஆட்களும் ஒளியில் தெரிவார்கள்.

பழங்காலத் தோற்றமுள்ள கட்டடத்துக்கு மஞ்சள் சாயலான வெண்மைதான் பொருந்தும். நீலம் கலந்த வெண்மை ஒரு அறையில் இருந்தாலும் மருத்துவமனைபோல் ஆகிவிடும்.

விளக்கை எரியவிட்டு, அறையை இருட்டாக்கி, வெளிச்சுவரைப் பாருங்கள். வெள்ளை, மஞ்சள் போன்ற வெளிர்நிறக் கட்டைகள் வழியாக ஒளி கசியும். கசியும் இடத்தில் உட்புறமாகக் கறுப்பு அட்டையை வெட்டி ஒட்டினால் நின்றுவிடும். அலுமினியத் தாள் ஒட்டாதீர்கள். அது மின்சாரம் கடத்தும்.

8. புள்ளி விளக்கும் தெருவிளக்கும்

மேசை விளக்கு, பெயர்ப்பலகை விளக்கு, அடுப்பின் கனல் ஆகியவற்றுக்குப் புள்ளி விளக்கு, அதாவது ஒரே ஒரு எல்இடி உள்ள மிகச் சிறிய விளக்கு. ஒளி வரும் மஞ்சள் புள்ளி மேலே பார்க்கும்படி அதைக் குமிழின் நடுவில் வையுங்கள். ஒயரைக் குமிழிலிருந்து நேராக வாய்க்காலுக்கு இறக்குங்கள். அதன்மேல் ஒளி ஊடுருவும் வட்டத் தகட்டை வைத்து, கட்டைவிரலால் செங்குத்தாக அழுத்துங்கள். சதுரத் தகட்டைவிட வட்டத் தகடு நல்லது. அதன் அடிப்பகுதி குறுகியிருப்பதால் ஒயர் இறங்க வழி கிடைக்கும். தகடு முழுவதும் உட்காராமல் சிறிது எழும்பி நின்றாலும் பரவாயில்லை, மேலும் அழுத்த வேண்டாம்.

தெருவிளக்கில்தான் பலரும் சோர்ந்துபோகிறார்கள். கம்பம் உள்ளே துளையுள்ள வட்டக் கட்டைகளால் ஆனதாக இருந்தால், ஒயரை உள்ளேயே விடலாம். கட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, மேலிருந்து கீழாக ஒயரில் கோத்து, கடைசியில் ஒன்றாக அழுத்துங்கள். கனெக்டர் துளையில் நுழைகிறதா என்று முதல் கட்டையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். கம்பம் துளையில்லாத ஒரே வார்ப்பாக இருந்தால், ஒயரைக் கம்பத்தின் பின்பக்கம் நேர்கோடாக இறக்குங்கள். சுற்றிச் சுற்றி இறக்கினால் எந்தக் கோணத்திலிருந்து பார்த்தாலும் தெரியும். வெளிர்நிற ஒயரைக் கறுப்பு மார்க்கரால் தடவிவிட்டால் கம்பத்தோடு கலந்துவிடும். நடைபாதையில் டைல்களைக் கழற்றி, வாய்க்கால் வழியாகச் சுவருக்குக் கொண்டுபோய், டைல்களைத் திரும்ப மாட்டுங்கள்.

9. மிஞ்சிய ஒயர்

வெட்டாதீர்கள். இந்த ஒயரை மீண்டும் இணைப்பது மிக நுணுக்கமான வேலை. மிஞ்சியதைப் பென்சிலில் தளர்வாகச் சுற்றி, உருவியெடுத்து, காகித டேப்பால் கட்டி, அலமாரிக்குப் பின்னாலோ மாடிப்படிக்கு அடியிலோ வையுங்கள். கூர்மையாக மடித்தால் மடிப்பில் உள்ளே இருக்கும் கம்பி முறியும்.

10. மின்சாரம்

சாதாரண 5 வோல்ட் செல்பேசி சார்ஜர் போதும். பவர் பேங்க்கில் ஒரு சிக்கல்: எல்இடிகள் எடுக்கும் மின்சாரம் மிகக் குறைவாக இருந்தால், எதுவும் மாட்டவில்லை என்று எண்ணி அது தானாக அணைந்துவிடும். விளக்கு சிறிது நேரம் எரிந்து அணைந்தால் தொகுப்பைக் குறைசொல்லுமுன் சார்ஜரில் மாட்டிப் பாருங்கள்.

மூன்று பேட்டரி போடும் பெட்டியில் சாதாரண பேட்டரிகள் 4.5 வோல்ட் தரும். ரீசார்ஜ் செய்யும் நிக்கல் வகை, ஒன்றுக்கு 1.2 வோல்ட் வீதம் 3.6 வோல்ட்தான் தரும். விளக்கு மங்கலாகத்தான் எரியும்.

பொத்தான் பேட்டரியில் ஓடும் தொகுப்பானால், பெட்டியின் மூடி திருகாணியால் பூட்டியிருக்க வேண்டும். அந்தப் பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் உணவுக்குழாய் சில மணி நேரத்திலேயே வெந்துபோகும், உயிருக்கே ஆபத்து. வீட்டில் சிறு குழந்தை இருந்தால் யுஎஸ்பி தொகுப்பையே வாங்குங்கள்.

11. எரியவில்லை என்றால்

எல்லாமே அணைந்திருந்தால் யுஎஸ்பி ஒயரையும் முதல் பலகையையும் பாருங்கள். ஒரு மாடி மட்டும் அணைந்திருந்தால், அந்த மாடிக்கு வரும் இணைப்பு ஒயரைப் பலகையின் வேறு துளைக்கு மாற்றுங்கள். துளைகள் எல்லாம் ஒன்றுதான், எதில் மாட்டினாலும் சரி. ஒரே ஒரு விளக்கு மட்டும் எரியாவிட்டால், நன்றாக எரியும் பக்கத்து விளக்கின் துளையில் அதை மாட்டிப் பாருங்கள். அங்கும் எரியாவிட்டால் விளக்கோ அதன் ஒயரோ போய்விட்டது.

மினுமினுத்தால் கனெக்டர் முழுதாக உள்ளே போகவில்லை என்று பொருள்.

ஒரு கட்டையை அழுத்திய உடனே எல்லா விளக்கும் மங்கினாலோ அணைந்தாலோ, அந்தக் கட்டைக்கு அடியில் மேலுறை கிழிந்து இரண்டு கம்பிகள் ஒன்றையொன்று தொடுகின்றன. உடனே யுஎஸ்பியைப் பிடுங்குங்கள். கடைசியாக அழுத்திய கட்டையைக் கழற்றி, அடியில் ஒயர் எந்தக் குமிழின் பக்கத்தில் சிக்கியிருக்கிறது என்று பாருங்கள். மேலுறை கிழிந்த ஒயரைத் திரும்பப் பயன்படுத்த வேண்டாம். மாற்று விளக்கை மாட்டி, இந்த முறை ஒயரை வாய்க்காலில் படுக்கவைத்து, அடுத்த கட்டையை வைக்குமுன் எரியவைத்துப் பாருங்கள்.